விநாடிக்கு எத்தனை கன அடி?

மாட்டுங்காவில் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்தால் நாங்கள் நாலைந்து கிழவர்கள் நேரே வீடு திரும்புவதில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் காபி சாப்பிட்டுவிட்டு, பேச்சு ஓய்ந்த பிறகுதான் ஸ்டேஷனுக்கு நடப்பது வழக்கம். போன மழைக்காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கணக்கு ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கும்பகோணம் பக்கம். ஊருக்கு போன் போட்டால் உடம்பு சௌக்கியம் கேட்பதற்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்.

“ரேடியோ காலத்திலிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன் ஸார். மேட்டூருக்கு விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி வரத்துன்னு சொல்றாங்க. யார் நின்னு அளந்தது? ஒரு விநாடிக்குள்ளே எப்படி எண்ணினாங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. “இப்போ ஸாட்டிலைட்டிலிருந்தே ஆத்துத் தண்ணியை அளக்கிறாங்களாமே. பேரன் சொல்றான். அப்புறம் ஆத்தங்கரையிலே ஆள் எதுக்கு? சம்பளம் மிச்சம்தானே?”

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குக் காபி ஆறிப்போகிற அளவு பேசியும் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேட்டூர் விஷயம் அவர் தொழிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அணையில் காலையில் எவ்வளவு இருப்பு, மாலையில் எவ்வளவு இருப்பு என்பதை நீர்மட்டம் சொல்லிவிடும். மதகு வழியாகத் திறந்துவிட்டது எவ்வளவு என்பதும் தெரியும். ஆரம்ப இருப்பு, கடைசி இருப்பு, செலவு மூன்றும் கையில் இருந்தால் வரவு என்ன என்று கணக்குப்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் ஓடுகிற ஆற்றுக்கு இருப்பு என்று ஒன்று கிடையாது. வந்தது போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஆற்றில் இறங்கித்தான் அளக்க வேண்டும்.

நான் டி.சி.இ. டிப்ளமோவை வைத்துக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்த புதிதில் கற்ற முதல் மழைக்காலப் பாடம் பாலத்தூண்களைப் படிப்பது. ஒவ்வொரு பெரிய பாலத்தின் தூணிலும் இதுவரை கண்ட அதிகபட்ச வெள்ள மட்டத்தையும், அதற்குக் கீழே அபாய மட்டத்தையும் பெயிண்டால் கோடு போட்டு எழுதியிருப்போம். மழைக்காலத்தில் இரவு பூராவும் ஒரு வாட்ச்மேன் லாந்தரோடு அங்கே இருப்பார். தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு. பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனாலும் ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியின் ஜனங்கள் பூராவும் தூக்கத்தில் அவரை நம்பித்தான் பாலத்தைக் கடந்தார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 1956-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எங்கள் சீனியர்கள் புதிதாக வந்த எவனுக்கும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மட்டம் பார்ப்பது ஒன்று, ஓட்டத்தை அளப்பது வேறு. பாலத்தின் அடியில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் போகிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பாலத்தின் வாய் போதுமா போதாதா என்று சொல்ல முடியும். முறை வெகு பழையது. ஆற்றின் குறுக்கே ஒரு கோடு வைத்துக்கொண்டு, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இடம் விட்டு இடம் இறக்கி ஆழம் பார்ப்போம். அகலமும் ஆழமும் சேர்ந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு. பிறகு வேகம். முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கயிறு கட்டி, மேல் கயிற்றுக்கு மேலே ஒரு மரமிதவையைப் போட்டு, கீழ்க் கயிற்றுக்கு எத்தனை விநாடியில் வருகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்போம். கொங்கணப் பக்கத்தில் மிதவை கைக்கு எட்டாத நாளில் தேங்காயைப் போட்டும் பார்த்திருக்கிறோம். தேங்காய் திரும்ப வராது என்பது ஒன்றுதான் நஷ்டம்.

ஒரு உதாரணம். ஆறு 40 மீட்டர் அகலம், சராசரி 3 மீட்டர் ஆழம். பரப்பு 120 சதுர மீட்டர். மிதவை 15 விநாடியில் 30 மீட்டர் வந்தது, ஆகவே மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அடித்தண்ணீர் மெதுவாகத்தான் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்குவோம். 1.7 மீட்டர். 120-ஐ 1.7-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 204 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 7,200 கன அடி. நண்பர் கேட்ட “விநாடிக்கு இத்தனை கன அடி” இப்படித்தான் பிறக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தார் மிதவைக்குப் பதிலாகக் கிண்ணங்கள் சுழலும் வேகமானியைத் தண்ணீருக்குள் இறக்கி இதையே நுட்பமாகச் செய்வார்கள்.

தினமும் இத்தனை பாடுபட முடியாது. ஆகவே ஒரே இடத்தில் பல நாள், பல மட்டங்களில் அளந்து ஒரு வரைபடம் போட்டுவிடுவார்கள். மட்டம் இவ்வளவு இருந்தால் ஓட்டம் இவ்வளவு என்று அந்தக் கோடு சொல்லும். பிறகு அளவுகோலில் மட்டத்தைப் பார்த்தாலே போதும். தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் காவிரி இப்படித்தான் அளக்கப்படுகிறது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்ததும் அந்த இடத்தில் அளக்கிற தண்ணீரைத்தான். ஒரு டி.எம்.சி. என்பது ஒரு நாள் பூராவும் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஓடினால் சேரும் தண்ணீர். இரண்டு மாநிலத்து விவசாயிகளின் வயிறு அந்த வரைபடத்துக் கோட்டில் தொங்குகிறது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது.

இப்போது ஆகாயத்துக்குப் போவோம்.

1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து டோபெக்ஸ்-பொஸைடன் என்ற செயற்கைக் கோளை அனுப்பின. 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, கடல் மட்டத்தை அளக்க வந்தது அது. வேலை செய்யும் விதம் எளிது. கீழே நோக்கி ஒரு ரேடார் அலையை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். செயற்கைக் கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். இரண்டையும் கழித்தால் நீர்மட்டம். கேட்க எளிது, செய்ய அல்ல. பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு விநாடியை நூறு கோடியாக்கி அதில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். நாங்கள் ஸ்டாப் வாட்சில் அரை விநாடி தவறினால் திட்டு வாங்கிய காலம் ஞாபகம் வருகிறது.

கடலுக்கு வந்த கருவி பெரிய நதிகளுக்கு மேலே பறக்கும்போதும் மட்டத்தைப் பதிவு செய்தது. அதை எடுத்து ஓட்டத்தைக் கணக்கிடலாமே என்று சிலருக்குத் தோன்றியது. இதற்கு உலகத்திலேயே பொருத்தமான இடங்களில் ஒன்று நம் பக்கத்து வீடான வங்கதேசம். அந்த நாட்டு ஆறுகளில் வரும் தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் எல்லைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. மேலே மழை எவ்வளவு, ஆறு எவ்வளவு ஏறிற்று என்ற விவரம் உரிய காலத்தில் கிடைத்தால்தான் கீழே இருப்பவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போக முடியும்.

ஃபாப்ரிஸ் பாபா என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 1993 முதல் 2008 வரையிலான கங்கை, பிரம்மபுத்திரா ஓட்டத்தைச் செயற்கைக் கோள் மட்டங்களிலிருந்து மாதவாரியாகக் கணக்கிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆகாயத்து மட்டத்தை ஓட்டமாக மாற்ற அவர்களுக்குத் தரையில் எடுத்த அளவு வேண்டியிருந்தது. கங்கைக்கு அந்த அளவு கிடைத்த இடம் ஹார்டிஞ்ச் பாலம். அது ரயில்வே பாலம் ஸார்! 1915-ல் திறந்தது. ராபர்ட் கேல்ஸ் என்ற இஞ்சினீயர் கட்டியது. பதினைந்து பெரிய கர்டர்கள், ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாலம் கட்டியதைவிட, ஊர் சுற்றும் கங்கையைக் கரை கட்டி அந்தப் பாலத்தின் அடியிலேயே ஓட வைத்ததுதான் பெரிய சாமர்த்தியம் என்று சர்வீஸில் பெரியவர்கள் சொல்வார்கள். 1971 யுத்தத்தில் ஒரு கர்டர் விழுந்து, பிறகு சரி செய்தார்கள். 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் முப்பது வருஷத்துக்குச் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தப்படி இரு நாட்டார் சேர்ந்து அளக்கும் இடங்களில் பரக்காவோடு இந்தப் பாலமும் ஒன்று. ஆக, 1,336 கிலோமீட்டர் மேலே பறந்தவன் தன் கணக்கைச் சரிபார்க்க ஒரு பழைய ரயில் பாலத்துக்குத்தான் வந்தான்.

2011-ல் பியன்கமரியா, ஹொசைன், லெட்டன்மையர் என்ற மூவர் இன்னொரு படி போனார்கள். இந்தியாவுக்குள் மேல்பகுதியில் நதி மட்டத்தைச் செயற்கைக் கோளில் பார்த்து, எல்லையில் சில நாள் கழித்து என்ன மட்டம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லலாம் என்று காட்டினார்கள். பிறகு ஜேஸன்-2 என்ற செயற்கைக் கோளைக் கொண்டு வங்கதேசத்தின் வெள்ள முன்னறிவிப்புக்கே அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நம் இஸ்ரோவும் சும்மா இல்லை. 2013 பிப்ரவரி 25-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் ரேடாரோடு ஸரல் போயிற்று. வெள்ளம் எதுவரை பரவியிருக்கிறது என்று படம் எடுக்க 2012-ல் ரிஸாட்-1 போனது. கேமரா வைத்த செயற்கைக் கோளால் ஜூலை மாதத்தில் பிரயோஜனம் குறைவு, மேகம் மறைத்துவிடும். ரேடாருக்கு மேகம் ஒரு தடையில்லை. அஸ்ஸாமிலும் பீகாரிலும் வெள்ளம் வந்தால் ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிடும் படங்களை நீங்கள் பேப்பரில் பார்த்திருக்கலாம்.

பழைய கருவிகளுக்கு ஒரு குறை. தாம் பறக்கும் கோட்டுக்கு நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். கோட்டுக்கு வெளியே ஓடும் ஆறு அதற்குத் தெரியாது. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி போன ஸ்வாட் இந்தக் குறையைத் தீர்த்தது. அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து செய்தது. கனடாவும் பிரிட்டனும் கை கொடுத்தன. பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனா. நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிற மாதிரி, அது இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு நீர்மட்டத்தைப் படமாகவே எடுக்கும். நதியின் மட்டம், அகலம், மேலிருந்து கீழே எவ்வளவு சாய்வு, மூன்றும் ஒரே தடவையில் கிடைக்கும். சாய்வு கிடைப்பது பெரிய விஷயம். ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இவ்வளவையும் கேட்ட நண்பர், “பின்னே என்ன ஸார், ஆள் வேண்டாம்னு நான் சொன்னது சரிதானே?” என்றார்.

இல்லை. அந்தக் கண்ணுக்குத் தண்ணீரின் மேல்தோல்தான் தெரியும். அடிமணல் தெரியாது. அகலம் தெரிந்து ஆழம் தெரியாவிட்டால் பரப்பு எப்படி வரும்? இதற்கு விஞ்ஞானிகள் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். ஒரே நதியின் அடுத்தடுத்த பகுதிகளில் ஓடுவது ஒரே தண்ணீர்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் பல தடவை பார்த்து, ஒவ்வொரு பகுதியிலும் மட்டமும் அகலமும் சாய்வும் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி எவ்வளவு இருக்கலாம், தரை எவ்வளவு கரடுமுரடு என்று ஊகிக்கலாம். கெட்டிக்கார யுக்திதான். ஆனால் ஊகம் ஊகம்தான். தரையில் அளந்த ஆழம் ஒன்று கிடைத்தால் கணக்கு நன்றாகச் சீர்படும்.

இதிலும் மணலாறுகள் படுத்தும் பாடு தனி. வெள்ளம் வேகமெடுக்கும்போது அடிமணலை அள்ளிக்கொண்டு போகும். வடியும்போது திரும்பக் கொண்டுவந்து நிரப்பிவிடும். ஒரு தடவை ஒரு பாலத்தில் வெள்ளத்தின்போது தூணருகே ஈயக் குண்டை இறக்கினேன். கோடையில் எடுத்த ஆழத்தைவிட ஆறடி அதிகம் போயிற்று. கயிறு சாய்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன், அதே ஆறடி. இரண்டு வாரம் கழித்து வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பழைய மணல் பழைய இடத்தில் சாதுவாகப் படுத்திருக்கிறது, ஒன்றும் நடக்காத மாதிரி. மேலிருந்து பார்ப்பவனுக்கு இந்த நாடகம் தெரியவே தெரியாது. தூண் எவ்வளவு ஆழம் வேர்விட்டிருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலோ அந்த ஆறடியில்தான் இருக்கிறது.

நூறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள நதிகளைத்தான் ஸ்வாட் நம்பிக்கையாகப் பார்க்கும். ஒரு சுற்று முடிந்து அதே பாதைக்குத் திரும்ப 21 நாள் ஆகும். கொட்டுகிற கனமழையில் அதன் சிக்னலும் மங்கும். பிரம்மபுத்திராவுக்கு இது போதும். அங்கே வெள்ளம் மேலிருந்து கீழே வரவே நாள் கணக்கில் ஆகும். விநாடிக்குச் சராசரியாக இருபதாயிரம் கன மீட்டர் ஓடி, பெருவெள்ளத்தில் லட்சத்தைத் தொடும் மகாநதி அது. நம் வாசலில் ஓடுகிற ஆறு எது? மித்தி.

மித்தி என்றால் இனிப்பு. யார் வைத்த பெயரோ! விஹார், போவாய் ஏரிகளின் மிகைநீர்தான் அதன் பிறப்பு. ஸாக்கி நாகா, குர்லா, காலினா வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. நடுவில் விமான நிலையத்துக்காகத் திருப்பியிருக்கிறார்கள்; இரு கரையிலும் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள். மேல்பகுதியில் அகலம் நூறு மீட்டருக்கு வெகு குறைவு. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே அதன் மேல் 1888-ல் போட்ட ரயில் பாலம் ஒன்று இருந்தது. திருகாணி மாதிரி மண்ணுக்குள் திருகி இறக்கிய வார்ப்பிரும்புத் தூண்கள். 2025 ஜனவரியில்தான் அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். ஓய்வு பெற்றவன் என்றாலும் செம்பூரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

2005 ஜூலை 26 யாருக்கும் மறக்காது. ஸாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நாள் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான்! நகரத்தின் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கட்டியவை, அதுவும் கடல் இறங்கியிருந்தால். அன்று பிற்பகல் நாலு மணி வாக்கில் கடல் நாலரை மீட்டர் ஏற்றத்தில் இருந்தது. மும்பையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் போனார்கள்.

அன்று நான் குர்லாவில் இருந்தேன். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரவு பூராவும் பிளாட்பாரத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு நின்றோம். என் கேங்கில் திருநெல்வேலிக்காரர் ஒருவர். குடும்பம் தாராவியில், மித்திப் பக்கத்துச் சந்தில். போன் வேலை செய்யவில்லை. இருட்டில் என் அருகே வந்து, “ஸார், ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு யாருக்காச்சும் தெரியுமா ஸார்?” என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் ஆறு அளந்தவன் நான். எங்கோ காட்டுக்குள் ஓடும் ஓடைக்குக்கூட எங்களிடம் மட்டம் இருந்தது. இவர் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றுக்கு என் வாயில் ஒரு நம்பர் வரவில்லை. “வடிஞ்சிடும்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். மித்திக்கு வடியும் பரப்பு சுமார் 70 சதுர கிலோமீட்டர். அதன் மேல் மணிக்கு 100 மில்லிமீட்டர் பெய்து அத்தனையும் ஓடிவந்தால் விநாடிக்கு 1,900 கன மீட்டருக்கு மேல் வரும், கிட்டத்தட்ட 68,000 கன அடி. மேட்டூரில் இவ்வளவு வரத்து என்றால் செய்தியில் முதல் வரி. அத்தனையும் ஓடிவராது, ஏரிகள் கொஞ்சம் பிடிக்கும், நேரம் பிரியும். ஆனால் பாதி வந்தால்கூட அதைக் கொள்ள மித்திக்கு வாய் ஏது? அன்று மழை அந்த 100 மில்லிமீட்டரையும் தாண்டிப் பெய்த மணி நேரம் உண்டு.

அவர் குடும்பம் மச்சில் ஏறி உட்கார்ந்து தப்பித்தது. ஒரு வாரம் கழித்துப் போயிருந்தேன். பிள்ளைகளின் ஸர்டிபிகேட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது படித்த மகன் எனக்கு ஒன்றைக் காட்டினான். மச்சு ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் மணி எழுதியிருந்தது. பயத்தில் தங்கை அழுதுகொண்டிருந்தாளாம். “தண்ணி நின்னுடுச்சு பாரு” என்று அவளுக்குக் காட்டுவதற்காகக் கோடு போட ஆரம்பித்தானாம். தண்ணீர் நிற்கவில்லை. ஆறரை மணிக்கு ஒரு கோடு, ஏழேகாலுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று.

டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டேன். பார்த்தவுடன் ஒன்று புரிந்தது. ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே கடல் இறங்கிக்கொண்டிருந்த நேரம். சந்திலோ தண்ணீர் ஒன்பது அங்குலம் ஏறியிருக்கிறது. அந்த ஒன்பது அங்குலம் கடல் தள்ளியது அல்ல. மேலேயிருந்து வந்தது, போக வழியில்லாமல் நின்றது. வெறும் அதிகபட்ச மட்டம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இதை நான் சொல்லியிருக்க முடியாது.

நண்பருக்கு இதை விளக்கியபோதுதான் அவர் முகம் மாறிற்று. கழிமுகத்தருகே மட்டத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது. கடல் ஏறும்போது மட்டம் ஏறும், ஓட்டமோ குறையும். சில சமயம் தண்ணீர் பின்னுக்கே போகும். பிலிகுண்டுலுவில் போடுகிற மாதிரி ஒரு கோடு மித்தியில் தாராவிப் பக்கம் போட முடியாது. மட்டம், கடல், மழை மூன்றையும் நிமிஷக் கணக்கில் தரையில் இருந்து பார்க்க வேண்டும். 21 நாளுக்கு ஒரு தடவை வருகிறவன் இதற்கு உதவ மாட்டான். மேகத்தையும் மழையையும் பார்க்க வேறு செயற்கைக் கோள்கள் இருக்கின்றன, அவை உதவும். அது தனிக் கணக்கு.

2005-க்குப் பிறகு நகரம் பூராவும் தானியங்கி மழைமானிகள் வைத்தார்கள். மாதவ் சித்தலே தலைமையில் ஆராய்ந்த கமிட்டி 2006-ல் அறிக்கை கொடுத்தது. 2020 ஜூனில் ஐஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு மும்பைக்கு வந்தது. மழை, கடல் ஏற்றம், ஆற்று மட்டம், தரையின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் சேர்த்து எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நல்ல காரியம். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டுமென்றால் பழைய வெள்ளத்தில் எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு நின்றது என்று தெரிய வேண்டும். ஹார்டிஞ்ச் பாலத்துக்குத் தேடிப்போன அதே கதைதான்.

அந்தப் பையன் இப்போது தானேயில் வேலையில் இருக்கிறான். தாராவி வீட்டில் அவன் பெற்றோர் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது சுவரைப் பார்த்தேன். இருபது வருஷத்தில் எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கோடுகள் போய்விட்டன. நான் அளந்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. வீட்டையே இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு.

தாராவி, ஸயான், குர்லா, காலினா பக்கம் உள்ள நம் அங்கத்தினர்கள் வீட்டிலும் 2005-ன் குறி ஏதாவது மிஞ்சியிருக்கலாம். கதவு நிலையில், பீரோவில், கட்டிடத்து மாடிப்படியில். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த இடம், தரையிலிருந்து எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு என்று மூன்றும் வேண்டும். மணி ஞாபகம் இல்லை என்றால், கரண்ட் போவதற்கு முன்னாலா பின்னாலா என்றாவது எழுதுங்கள். நண்பர் ஒரு பேரேடு வாங்கி வைத்திருக்கிறார். கோடு போட்டுத் தலைப்பும் எழுதிவிட்டார்.